ஒன்பதாம் இலக்க ஜேர்சியின் அளவு

ஒக்டோபர் 6, திங்கள்
விடியவே மழை. ஹைவேயில் ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்றேன். உதைபந்தாட்டக் கிளப்பில் துவைக்க: ஜேர்சி 24, சொக்ஸ் ஒரு குவியல், சேற்றுப் பூட்ஸ்.

தோமாஷின் வலது பூட்ஸ் அடி மொட்டை. இடது புதிது போல. இடது முழங்காலை நம்பி ஊன்றுகிறானில்லை. கழுவுகிறவனுக்குத்தான் இது தெரியும். ஒருவருக்கும் சொல்லவில்லை.

செக் நாட்டுக்காரன், முன்கள ஆட்டக்காரன், வயது 33. பத்தொன்பது வயதில் பிராகில் முதல் கோல். பிறகு போலந்து, சைப்ரஸ், இப்போது ரொறன்ரோ. போகப்போக மைதானம் சின்னதாகிக்கொண்டு வந்தது என்பான். மே மாதத்துக்குப் பிறகு கோல் இல்லை.

இடுப்பு வலி. தைலம் முடிந்துவிட்டது.

ஒக். 7
அடுத்த வருட ஜேர்சி ஓடருக்குப் பெயர்ப் பட்டியல் வந்தது. வழமைபோல ஆட்டக்காரருக்கு முன் எனக்கு. வெள்ளிக்குள் எல்லாருடைய அளவும் எழுதி அனுப்ப வேண்டும். 9க்கு நேரே தோமாஷ் பெயர் இல்லை. வெறும் கோடு.

மனேஜரைக் கேட்டேன். "சீசன் முடியச் சொல்லுவம். அதுமட்டும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது."

பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

ஒக். 8, புதன்
தோ. வந்தான். என்னோடு சலவையில் நிற்கும் சிவா கூப்பிடுவதைக் கேட்டுப் பழகி அவனுக்கும் நான் அண்ணை. மற்றதெல்லாம் உடைந்த இங்கிலிஷ்.

"அண்ணை, நான் மெலிஞ்சு போனன். அடுத்த வருசத்துக்கு மீடியம் எழுதுங்கோ."

முகத்தைப் பார்த்தேன். பேனையை எடுத்து அந்தக் கோட்டின்மேல் M என்று எழுதினேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். என் வாயில் என்ன கொழுக்கட்டையா? பிறகு அழிக்கலாம் என்று நினைத்தேன். பாவி.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் நகரில் வாடகை வீடு பார்த்திருக்கிறானாம். இரண்டு வருட லீஸ். ஏழு வயது மகளுக்குப் பின்வளவு வேண்டுமாம். மனைவி, பொறு, ஊருக்கே போவோம் என்கிறாளாம்.

வீட்டுக்கு வந்து என் மனைவி வாணிக்குச் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.
"சொல்லாமலோ வந்தனீங்கள்?"
"சொன்னா என்ர வேலை போகும்."
"போகட்டும். நாங்கள் இஞ்ச வரேக்க என்ன வேலையோடயோ வந்தனாங்கள்?"


ஒக். 9
ஆட்டக்காரருக்கு லீவு. தோ.வுக்குப் போன் எடுத்தேன், மணி அடிக்கமுன் வைத்தேன். இரண்டு தரம். கோழை.

வாங்க: பாண், தைலம், வெள்ளை நூல்.

ஒக். 10, வெள்ளி
வெயில், ஆனால் குளிர். ஏழு மணிக்கே கார் நிறுத்துமிடத்தில் காத்து நின்றேன். வேலை போனால் போகட்டும்.

"தோமாஷ், அந்த லீஸில கையெழுத்து வைக்காதை."
"நேற்றே வைச்சிட்டன்." சிரித்தான். "மனிசி விடேல்லை. கிளப் உன்னை வைச்சிருக்குமெண்டு ஆர் சொன்னது எண்டு கேட்டாள். அண்ணைக்குத்தான் எல்லாருக்கும் முதல் தெரியும், அண்ணை என்ர அளவை எழுதிப்போட்டார் எண்டு சொன்னன். பிறகுதான் ஓம் எண்டவள்."

சொன்னேன். பட்டியலை விரித்துக் காட்டினேன். கோடு. அதன்மேல் என் கையெழுத்தில் M.

அந்த M-ஐ விரலால் தொட்டுப் பார்த்தான். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"மகள் கட்டிலை எந்த மூலையில போடுறதெண்டு அளந்து வைச்சிட்டாள், அண்ணை."