இரண்டே நாளில் கற்றுக்கொண்டவள்

ஏனுங்க, என் அருமை வீட்டுக்காரரே,

நம் அச்சுக் கடையில், உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதைத் தட்டச்சு செய்கிறேன். நம்புவீர்களா? யாரையும் அடித்துத் தரச் சொல்லவில்லை, நானேதான். உங்கள் இணையக் குழுவில் உங்களுக்காக ஓர் இரங்கல் பக்கம் திறந்திருக்கிறார்கள். அதில் அத்தனை பேர் எழுதியதற்கும் கீழே இதைப் போடப்போகிறேன். எல்லோரும் படிப்பார்கள். படிக்கட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. தையில் போனீர்கள், இப்போது ஆடி. கோயில் பண்டிகைகளுக்கு பேனர் வேலை குவிந்து கிடக்கிறது. மஞ்சள் மண்டிக்காரர்கள் பில் புத்தகத்துக்கு இன்னமும் நம்மிடம்தான் வருகிறார்கள். கடையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று உங்கள் தம்பி சொன்னார். நான் கொடுக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சாய்ந்த மேஜையைத் துடைத்துவிட்டு அதிலேயே வேலை செய்கிறேன். வேறு மேஜை இல்லை.

உங்கள் காரியம் முடிந்த மறுவாரமே ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்து நின்றார். பாதியில் நின்றிருந்த அழைப்பிதழ். கடைவீதியில் டிசைன் செய்கிற ஒருவரைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். அவர் கணினியை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்.

"என்னங்க்கா இது, நாங்க போடற சாப்ட்வேர் ஒண்ணுகூட இதுல இல்லீங்களே. அண்ணன் ஊர்ல இல்லாததையெல்லாம் போட்டு வெச்சிருக்காரு. எனக்கு இது தெரியாதுங்க்கா."

ஊரில் இல்லாததைப் போட்டு வைப்பதில்தானே உங்களுக்குப் பெருமை! கட்டற்ற மென்பொருள். கடைக்கு வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துப் பாடம் எடுப்பீர்கள். "இது எல்லாருக்கும் பொதுவுங்க. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், தொறந்து பாக்கலாம், மாத்திக்கலாம். ஒளிவுமறைவே கெடயாது." பின்னால் நின்று அழைப்பிதழ் மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டே நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த 'எல்லாருக்கும்' என்பதில் நான் சேர்த்தி இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கல்யாணமான இரண்டாம் வருடம் ஒருமுறை கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க, கூடமாட ஒத்தாசையாக இருக்கும் என்றேன். "உனக்கெதுக்கு இதெல்லாம்? சொன்னாப் புரியாது. நீ காயிதத்தை வெட்டிக் குடு, அதே பெரிய ஒத்தாசை" என்றீர்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஐந்தாம் வருடம் இன்னொரு தரம் கேட்டேன். அப்போது சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் நான். பதினாறு வருடம் காகிதம் வெட்டினேன்.

டிசைன்காரர் கைவிரித்துவிட்டுப் போன பிறகு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் நாள் முழுக்க அரட்டை அடித்துக்கொண்டிருந்த அந்தக் குழுவின் பக்கம் அதில் திறந்தே கிடந்தது. அரட்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனால் உங்கள் படத்துக்கு மாலை போட்டு எழுதியிருக்கிறார்கள். பொறுமைக்கு இன்னொரு பெயர் செந்தில் அண்ணன் என்கிறார் ஒருவர். ஒரே கேள்வியை ஒன்பது முறை கேட்டேன், ஒன்பது முறையும் முகம் சுளிக்காமல் சொன்னார் என்கிறார் இன்னொருவர். யாரோ வேறு செந்தில் என்று நினைத்தேன். படத்தில் இருந்தது நான் தேய்த்துக் கொடுத்த கட்டம்போட்ட சட்டை.

"அண்ணிக்கு எல்லாமே கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறார். கடை நிற்காது, அதுவே ஆறுதல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மரியாதைக்கு எழுதுகிறார் போல என்று விட்டுவிட்டேன். ஆனாலும் கூச்சமாக இருந்தது. அதனால் குழுவில் சேரும்போது யாருடைய மனைவி என்று சொல்லவில்லை. சாந்தாமணி, புதிதாகக் கற்கிறேன், அவ்வளவுதான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? அந்தக் குழுவில் இத்தனை வருடம் இருந்தும் நீங்கள் என் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லையே.

அவர்கள் வரவேற்ற விதத்தைச் சொல்ல வேண்டும். முகம் தெரியாத மனிதர்கள், வீட்டு வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்கள். முதல் கேள்வி கேட்டேன். கல்யாண வீட்டுக்காரர் கொடுத்த பென்டிரைவில் இருந்து எடுத்த தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, என்ன செய்வது? சேலம் டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ரியாஸ் உடனே பதில் போட்டார். "இது முன்னாடியே வந்த கேள்விதாங்க. செந்தில் அண்ணன் அழகா எழுதி வெச்சிருக்கார், பாருங்க" என்று ஒரு சுட்டி கொடுத்தார். அழுத்தினேன்.

"பதற வேண்டாம். எல்லோருக்கும் முதலில் இப்படித்தான் ஆகும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து மெதுவாகப் படியுங்கள். புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும்."

நான் பதறினால் "கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டியா" என்றவர் எழுதியது இது. டீ குடிக்கச் சொல்கிறீர்கள். எழுதும்போது உங்கள் பக்கத்தில் இருந்த டீ யார் போட்டது?

அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் உங்கள் பதில்தான் வந்தது. திரையில் செக்கச்செவேல் என்று தெரிந்த குங்குமம் அச்சில் செங்கல் நிறமாக வருகிறதே என்றால், நீங்கள். ஓரம் வெட்டும்போது மாப்பிள்ளையின் தாத்தா பெயர் பாதி போய்விட்டதே என்றால், நீங்கள். படம் போட்டு, எண் போட்டு, ஒவ்வொரு படியாக விளக்கியிருக்கிறீர்கள். காகிதம் வெட்டும் அளவைப் பற்றிய பதிலில் நம் கடை மேஜையையே படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். படத்தின் ஓரத்தில் கத்தரியோடு ஒரு கை தெரிகிறது. என் கை. அதைப் பார்த்துவிட்டு அன்று கடையைச் சாத்திவிட்டேன். வேலை ஓடவில்லை.

இப்படியே படித்துப் படித்து, தப்பாகச் செய்து, திரும்பச் செய்து, ஆனி மாதம் ஒரு சீர் விழா அழைப்பிதழை முழுசாக நானே முடித்தேன். குழுவில் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். உங்களிடம் காட்ட வேண்டும் போல இருந்தது. காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றும் யோசித்தேன். யோசிக்காமலே இருந்திருக்கலாம்.

அந்த ஆனியில்தான் மலர்க்கொடி சேர்ந்தாள். வாழப்பாடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. கடைக்காரர் புதிதாக டிசைன் வேலையும் எடுக்கிறாராம். ஒரு மாதத்துக்குள் கற்றுக்கொள், இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். எனக்கு வருமா என்று கேட்டிருந்தாள். யாரோ நல்லெண்ணத்தில் உங்கள் பழைய பதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். நான் அதுவரை பார்க்காத பதில்.

"தைரியமாக ஆரம்பியுங்கள். என் மனைவி பன்னிரண்டாவதுதான் படித்தவள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். இன்று கடையில் பாதி வடிவமைப்பு அவள் கைவேலைதான்."

நாலு தரம் படித்தேன். அதற்குக் கீழே உங்களுக்கு எத்தனை வாழ்த்து! கொடுத்து வைத்த அண்ணி என்கிறார்கள். என்னைத்தான்.

ஏன் எழுதினீர்கள்? யாரோ ஒருவர் பயந்துபோய் நிற்கிறார், தைரியம் சொல்ல ஒரு வரி வேண்டும், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டீர்களா? இல்லை, அப்படி ஒரு பெண்டாட்டி இருந்தால் தேவலை என்று நினைத்தீர்களா? நினைத்திருந்தால் ஆகக்கூடிய காரியம்தானே? ஆள் பக்கத்திலேயேதான் இருந்தேன். திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

பத்து நாள் கழித்து மலர்க்கொடி எழுதினாள். "எனக்கு இன்னும் எழுத்துக்குப் பக்கத்துல ஒரு படம் வைக்கவே வரல. அந்த அக்கா ரெண்டே நாள்ல கத்துக்கிட்டாங்களாம். நானும் பன்னெண்டாவதுதான். எனக்கு மண்டையில ஏறாது போல. கடைக்காரர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். எல்லாருக்கும் நன்றி."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உங்கள் மேல் அவ்வளவு கோபம் உங்களோடு வாழ்ந்த காலத்தில்கூட வந்ததில்லை. எனக்குச் சொல்லித் தராததைக்கூட விடுங்கள். இல்லாத ஒருத்தியை உண்டாக்கி விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள், அவள் இந்தப் பெண்ணின் பிழைப்பில் கை வைக்கிறாள்.

ரியாஸுக்கு போன் செய்து நான் யார் என்று சொன்னேன்.

"அக்கா... செந்தில் அண்ணன் வீட்லயா? அப்புறம் ஏங்க்கா நாலு மாசமா எழுத்து வரல, கலர் வரலன்னு எங்ககிட்ட கேட்டுட்டிருந்தீங்க?"

"தெரியாதுங்க தம்பி. அதனாலதான் கேட்டனுங்க. அவரு எனக்கு ஒரு நாளுஞ் சொல்லித்தரல."

"உங்களப் பத்தி எங்ககிட்ட அவ்ளோ பெருமையா சொல்லுவாருக்கா."

"சொல்லியிருப்பாருங்க. அதுக்குக் கீழ உண்மைய எழுதலாம்னு இருக்கறனுங்க."

"வேணாங்க்கா. போய்ச் சேர்ந்துட்டாரு. எங்களுக்கெல்லாம் அவர் ரொம்ப நல்லவரா இருந்தாரு. அந்தப் பொண்ணுகிட்ட நான் தனியா பேசிக்கிறேன்."

"தனியா என்னன்னு பேசுவீங்க? நாளைக்கு இன்னொரு புள்ள வந்து அதையே படிக்கும். அதுக்கு யாரு பேசுவாங்க?"

பாவம், நல்ல மனிதர். நீங்கள் செத்ததற்கு உங்கள் தம்பியைவிட அதிகமாக அழுதவர்.

இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். உங்களை எல்லோரும் நல்லவர் என்று சொல்கிற ஒரே இடம் அது. நம் சொந்தத்தில் உங்களை அப்படிச் சொல்ல ஆள் கிடையாது, உங்களுக்கே தெரியும். அங்கேயும் போய் நான் கெடுக்க வேண்டுமா என்று இருந்தது. ஆனால் குழுவின் விதிகளை எழுதியவரே நீங்கள்தானே. பழைய பதில் தப்பாக இருந்தால் அழிக்கக் கூடாது. அதற்குக் கீழேயே 'திருத்தம்' என்று போட்டு, சரியானதை எழுதி, பெயர் போட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் வழி தவறக் கூடாது. உங்கள் தப்பையே நீங்கள் அப்படிப் பத்து இடத்தில் திருத்தியிருக்கிறீர்கள். இதை மட்டும் விட்டுவிட்டீர்கள். அதனால் நான் எழுதினேன்.

"திருத்தம். மேலே சொல்லப்பட்ட மனைவி நான். இரண்டு நாளில் கற்கவில்லை, நான்கு மாதம் ஆனது. யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை இந்தக் கணினியை நான் தொட்டதில்லை. அவர் உங்களுக்கு எழுதியதைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். எனக்கென்று அவர் எழுதியது ஒரு வரியும் இல்லை. சாந்தாமணி, நாமகிரிப்பேட்டை."

மறுநாள் மலர்க்கொடி மட்டும் எழுதினாள். "நாலு மாசமாக்கா? அப்படின்னா கடைக்காரர்கிட்ட இன்னும் கொஞ்ச நாள் கேக்கறேன். எனக்கும் வரும்க்கா."

இப்போது தினமும் மத்தியானம் போனில் பேசுகிறோம். நேற்று ஒரு படத்தை எப்படி ஓரம் கத்தரிப்பது என்று ஆறாவது தரம் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் வாயில் வந்துவிட்டது: "விடு சாமி, உனக்குப் புரியாது, அனுப்பு, நானே செஞ்சு தாரேன்." சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவள் சத்தமே இல்லாமல் இருந்தாள். அந்தச் சத்தமில்லாமை எனக்குப் பழக்கமானது. நான் இருந்த இடம் அது.

பக்கத்தில் இருக்கிற ஆளுக்குச் சொல்லித் தருவது, ஊர் பேர் தெரியாதவருக்கு எழுதுவதைவிடக் கஷ்டம்தான். அது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரே ஒரு நிமிடம்தான் ஆனது. உங்களுக்குப் பதினாறு வருடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறி இங்கே வருகிறாள். இந்த நாற்காலியில் அவளை உட்கார வைப்பேன். ஏழாவது தரமும் கேட்பாள், சொல்வேன். பதினேழாவது தரமும் சொல்வேன். எனக்கு எரிச்சல் வரும். எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு, திரும்பி வந்து சொல்வேன். முடித்துவிட்டுத்தான் அவள் போவாள். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. உங்களுக்காக இல்லை.

இப்படிக்கு,
நீங்கள் சொல்லித் தராமல் விட்டுப்போன உங்கள் மனைவி,
சாந்தாமணி