கோயிலுக்குப் போன பங்கு

கலகக்காரரின் பறக்கும் நீராவிக் கப்பல்
மலைநாட்டுக்கு மேல, 12.08.2025

என்ர அப்பாவுக்கு,

சுவேதினி எழுதிறன். உங்கட முழங்கால் நோ எப்பிடி? அம்மா தைலம் ஒழுங்காப் பூசிவிடுறாவோ? நான் நல்ல சுகம். கொதிகலனுக்குக் கிட்டப் போய்ப் புருவம் மட்டும் கொஞ்சம் கருகிப்போச்சு.

தூங்குமஞ்சம் கட்டுறதுக்கெண்டு உங்கட பழைய மீன்வலையைக் கேக்காமல் கொண்டு வந்திட்டன், ஏசாதேங்கோ. போன செவ்வாய்க்கிழமை, எங்களை அடக்கி ஆளுற இரும்புத் துரையின்ர போர்க்கப்பல் எங்களைத் துரத்திக்கொண்டு கீழால பறந்து வந்தது. நான் அந்த வலையை எறிஞ்சன். அதின்ர காத்தாடியில சுத்தி, கப்பலே நிண்டுபோச்சு! ஆமிக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு வந்தாங்கள். ஒரு வெடிகூட இல்லை.

நீங்கள் மீனில குடுக்கிறமாதிரி, முதல் பிடிச்சதில கோயிலுக்குப் பங்கு குடுக்கவேணும் எண்டன். "கப்பலை வெட்டியோ குடுக்கிறது?" எண்டு எங்கட கப்டன் றெனால்ட் அண்ணை சிரிச்சார். உள்ளுக்குப் போய்ப் பாத்தால், மணியடிக்கத் தடைபோட்டுத் துரை பிடுங்கிக்கொண்டு போன எங்கட மாதா கோயில் மணி, தளபதி தேத்தண்ணி கேட்டு அடிக்கத் தொங்குது!

மணி உப்பு வண்டியில மூட்டைக்குள்ள ஒளிச்சு வருது, பாதரிட்டக் குடுங்கோ. வண்டி திரும்பேக்க நீங்கள் போட்ட சேட் ஒண்டு குடுத்துவிடுங்கோ, இஞ்ச சரியான குளிர். தோய்க்க வேண்டாம்.

விசில் ஊதுது, ஓடவேணும். மணிக்குள்ள நாக்கைத் தேடாதேங்கோ. துரை போகுமட்டும் ஒருத்தரும் அடிச்சுப் பிடிபடக்கூடாதெண்டு கழட்டி என்ர தலைமாட்டில வைச்சிருக்கிறன்.

கோயில் மணி கேட்டால், அம்மாவை உலை வைக்கச் சொல்லுங்கோ. அடிக்கிறது நான்தான்.

உங்கட மகள்
சுவேதினி