வாடை தெரியாத மூக்கு

இன்று காலை அடுப்படிக்குள் வந்த என் மனைவி, "கேஸ் வாடை இப்படி அடிக்குது, இங்கனதான உக்காந்து காப்பி குடிக்கிய, தெரியலையா ஒங்களுக்கு?" என்றாள். சிலிண்டர் அடுப்பின் திருகு பாதி திறந்து கிடந்தது.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூடுவதற்கு முன் குனிந்து மோந்து பார்த்தேன். அப்போதும் இல்லை. காப்பித்தூள் டப்பாவைத் திறந்தேன். மணக்கிற மாதிரியும் இருந்தது, நானாக நினைத்துக்கொள்கிற மாதிரியும் இருந்தது. ஜலதோஷமா, வயதா, இல்லை நண்பா, உனக்கு வந்ததேதானா? மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டு என்னையே பார்த்தாள். எனக்கு உன் முகம்தான் முன்னால் வந்தது.

கோவில்பட்டிக்குக் குழாய் எரிவாயு வந்தபோது ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாம். தெருவில் புதைத்த குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. அந்த வாயுவுக்குச் சொந்தமாக வாடை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று ஒரு நாற்றத்தைக் கலந்துதான் ஊருக்குள் விடுகிறார்கள் என்பதே நமக்கு அங்கேதான் தெரிந்தது. "கடன் வாங்குன நாத்தம்லே" என்று நீ சிரித்தாய்.

அந்தக் கடலைமிட்டாய்ப் பட்டறையை மறந்திருக்க மாட்டாய். நேற்று வாடை வந்தது, இன்று இல்லை என்று பட்டறைக்கார அக்கா கூப்பிட்டிருந்தார். நான் சுற்றி வந்து மோந்துவிட்டு, "ஒண்ணுமில்லக்கா, பாகு தீஞ்ச வாடையா இருக்கும்" என்றேன். நீ பேசாமல் வாசலுக்கு வெளியே, கோடையில் பிளந்து கிடந்த கரிசல் மண்ணின் வெடிப்புகளில், கசிவைக் கண்டால் கத்தும் டிடெக்டரின் குழலை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போனாய். வேலியோரம் அது கத்தியது. தோண்டினால், மண் இழுத்த இழுப்பில் குழாயின் இணைப்பு விட்டிருந்தது.

"மூக்க நம்பாதலே. காஞ்ச கரிசலு வாடையத் தின்னுரும்" என்றாய். பைக்கை எடுக்கும்போது மெதுவாகச் சொன்னாய்: "காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு மூக்கே செத்துப்போச்சு. கருவாட்டுக் கொழம்பு வச்சாகூடத் தெரிய மாட்டேங்கு. யார்ட்டயும் சொல்லிராத."

சொல்லவில்லை. நல்ல மூக்கு வைத்திருந்த நான்தானே அன்று தப்பாகச் சொன்னேன். வாடைக்கு நான், கருவிக்கு நீ என்று எட்டயபுரம் சாலையெல்லாம் அலைந்தோம்.

பிறகுதான், தெருக்குழாயை மூடித் திறக்கிற அந்த வால்வுக் குழி. நீ உள்ளே இறங்கியிருந்தாய். மேலே நின்ற என் தொண்டையை நாற்றம் அடைத்தது. உன் இடுப்பில் இருந்த டிடெக்டர் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. நீ அதைப் பார்க்கவில்லை. "ஏலே, மேல வாலே" என்று கத்தினேன். நீ நிமிர்ந்து, "ஏன், அடிக்குதா?" என்று கேட்டாய். அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாய். உன் கையைப் பிடித்து மேலே இழுத்தேன். மறுநாள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன்.

உன்னை மீட்டர் பிரிவில், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். வெயிலில் அலைந்தவனுக்கு அந்த நாற்காலி ஒத்துவரவேயில்லை. ஒருநாள் கதவோரம் நின்று நீ பேசுவதைக் கேட்டேன். "சூட்டுக்கு வாயு விரியும், குளிருக்குச் சுருங்கும் அண்ணாச்சி. அதனால ஒரே சூடு, ஒரே அழுத்தம்னு வச்சுத்தான் அளக்கோம்" என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாய். நான் செய்ததை எந்தச் சூட்டில் வைத்து அளப்பது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. உன் உயிரைக் காப்பாற்றினேனா, காட்டிக்கொடுத்தேனா? கருவியில் சார்ஜ் பார்க்கச் சொல்லியிருந்தால் போதாதா? அப்படி விட்டு, இன்னொரு குழியில் மேலே நான் நிற்காமல் போயிருந்தால்?

நீ சண்டை போடவில்லை. டீக்கடையில் ஒரே ஒரு தடவை, கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "என்ட்ட சொல்லிட்டுச் சொல்லியிருக்கலாம்லலே" என்றாய். அடுத்த மழைக்கு நீ இல்லை. நெஞ்சுவலி என்றார்கள். பதினாறாம் நாள் உன் மனைவியிடம், என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். "அவிய ஒண்ணுமே சொல்லலண்ணே" என்றார். கோபம் இல்லாததால் சொல்லவில்லையா, சொல்லக்கூட மனமில்லையா? இதைத்தான் இத்தனை நாளும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன்.

இப்போது மணி ஒன்பது. சட்டையை மாட்டிவிட்டேன். டிடெக்டரில் சார்ஜ் நிறைய இருக்கிறது, இரண்டு தடவை பார்த்தேன். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் என்னோடு இப்போது வேலைக்கு வருகிறவர் குழிக்குள் இருந்து "அடிக்குதா?" என்று கேட்டால், மேலே நிற்கிற நான் என்ன சொல்வேன்?

எனக்கு வாடை தெரியவில்லை, நண்பா. ஆபீஸில் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டுச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்து இதை எழுதினேன். இனிமேல்தான் போகிறேன்.