தட்டில் வளர்ந்தது

மார்ச் 4
தங்கையின் சளி மாதிரி இன்று எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. அவளுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் சளி பசையாக ஒட்டிக்கொள்ளும், அதில் கிருமி குடியேறும். எப்போதும் வளர்வது அந்தப் பச்சைக் கிருமிதான். இத்தனை வருடப் பழக்கத்தில் அதுவும் வீட்டு ஆள் மாதிரி.

மார்ச் 7
கிருமி வளர்க்கும் தட்டில், பச்சைக்குப் பக்கத்தில் வேறொன்று. பொடிப்பொடியாக, மங்கலாக. கிருமியின் பெயர் சொல்லும் மெஷினில் வைத்தேன். செபேசியா என்றது.

அந்தப் பெயர் வந்தால் மாற்று நுரையீரல் கிடையாது; வைத்தாலும் அந்தக் கிருமி ஆளைக் கொன்றுவிடும். காத்திருப்போர் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அதில் ஏறவே பதினான்கு மாதம் ஆயிற்று.

'பழைய கிருமி மட்டும்' என்று அறிக்கையில் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? விரல் பத்து நிமிஷம் அங்கேயே நின்றது. அப்புறம் அறுவை முடிஞ்சு, உள்ள அது இருந்தா? அவளைக் கொன்னது நான்தானே?

தட்டைத் தலைமை டாக்டரிடம் கொண்டுபோனேன். "இது என் தங்கச்சியோடது மேடம். இனிமே நான் தொடல."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இந்த ஜாதிக் கிருமில மெஷின் ஆள் மாத்திச் சொல்லும். மரபணு சோதனைக்கு அனுப்பறேன். ஒரு வாரம் பொறு."

மார்ச் 9
"என்னக்கா, என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கற?"

"தலைவலி."

"வியாதியெல்லாம் என் இலாகா. நீ ஏன் உள்ள வர்ற?" சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 12
சோதனை முடிவு வரலை. சோறு இறங்கலை. போன் அடிச்சாலே ஓடிப்போய்ப் பாக்கறேன்.

மார்ச் 14
செபேசியா இல்லை. அக்ரோமோபேக்டர் என்று ஒன்று. டாக்டர் என்னை உட்காரவைத்துவிட்டுத்தான் சொன்னார்: "இதுவும் லேசுப்பட்டதில்ல. புது மருந்து ஆரம்பிக்கணும். ஆனா இதுக்காகப் பட்டியல்லேந்து எடுக்க மாட்டாங்க."

கழிப்பறையில் போய் அழுதேன்.

மாலையில் தங்கையிடம் எல்லாம் சொன்னேன், விரல் நின்றதையும். "பொய்யா அடிச்சிருந்தா, உன்கிட்ட அப்புறம் பேசியிருக்க மாட்டேன்" என்றாள்.

ஏப்ரல் 2
மாற்று அறுவைப் பிரிவிலிருந்து போன். அவள் உயரத்தைத் திரும்ப அளந்து சொல்லவேண்டுமாம். வரும் நுரையீரல் நெஞ்சுக்குள் அடங்கவேண்டுமே. கதவோரம் நிற்கவைத்து அளந்தேன்.

"ரெண்டு சென்டி கூட்டிச் சொல்லுக்கா. குட்டைன்னு நினைச்சுக்குவாங்க."

நூற்று நாற்பத்தொன்பது. உள்ளதையே சொன்னேன்.