கோபிகாவின் முகத்துக்காக வைத்த கையெழுத்து

புத்தூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் பிரகலாதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சி கோபிகாவும் சுகமாய் இருக்கிறோம், அதுபோல நீயும் மருமகளும் லண்டன் குளிருக்குள் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் கோபிகா பக்கத்தில் நிற்கிறாள், அவளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது, அதனால் நாளைக்கு லண்டனுக்குத் திரும்பும் உன் சிநேகிதன் சிவரூபன் கையில் கொடுத்து விடுகிறேன். அப்பாவுக்குப் பிரஷர் குறைந்திருக்கிறது, இந்த முறை தோட்டத்தில் வெங்காய விளைச்சலும் பிழையில்லை, ஆனால் எனக்கு நெஞ்சுக்குள் பயம், தம்பி.

தங்கச்சி வேலை செய்கிற சிறுகடன் வங்கி சாவகச்சேரியில் புதுக் கிளை திறக்கிறது, அவளைத்தான் மனேச்சராகப் போடுவார்களாம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதற்கு முதல் அவள் கடன் எடுக்கப் புதிதாய்ப் பெண்கள் குழுக்கள் சேர்த்துக் காட்ட வேண்டும். அவர்களும் பெரிய வங்கிகளிடம் கடன் எடுத்துத்தான் எங்கள் சனத்துக்குக் கொடுக்கிறார்களாம், இப்போது வட்டி இறங்கியதால் அவர்களுக்குக் காசு மலிவு, அதனால்தான் இந்த அவசரம். வட்டி ஏறின காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற அந்த வருஷம், இங்கே வந்துபோன வேறொரு கடன் கொம்பனி புதுக் கடனை ஒரேயடியாய் நிறுத்திவிட்டு, கொடுத்ததை மட்டும் கேட்டு வந்தது. ஒன்றை வாங்கி மற்றதை அடைத்துக்கொண்டிருந்த சனம் அந்தரித்துப் போனது. பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி அக்கா அவர்களின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எங்கள் மாட்டுக் கொட்டிலுக்குள் வந்து ஒளிப்பார்.

அதே பாலேஸ்வரி அக்காதான் போன கிழமை எங்கள் விறாந்தையில் குந்தியிருந்து கோபிகாவின் வங்கிக் கடதாசியில் முதல் ஆளாய்க் கையெழுத்து வைத்தார். ஆறு மாதத்துக்கு ஒருதரம் மாறுகிற வட்டி அது. ஒருத்தரும் கேட்கவில்லை. ஊர்ப் பிள்ளையிடம் வட்டி விசாரிப்பது மரியாதையில்லை என்று இருந்துவிட்டார்கள். கடதாசியை வாசித்தீர்களா என்று பிறகு கிணற்றடியில் கேட்டேன். “வங்கியை ஆர் கண்டது? உன்ரை பெட்டையின்ரை முகத்துக்குத்தான் கையெழுத்து வைச்சனான்” என்றார். வட்டி திரும்ப ஏறினால் சனம் சாவகச்சேரிக்குப் போகாது, எங்கள் வீட்டுப் படலை வாசலில்தான் வந்து நிற்கும். நிற்கட்டும், ஏச்சும் வாங்கலாம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டிய குழு அது, அந்த வெட்கத்தில் ஆரும் ஏதும் செய்துகொண்டால்? கோபிகாவிடம் சொன்னேன். இறங்கின நேரத்தில் வளராமல் எப்போது வளருவது என்று சிரித்தாள். ஏறினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். உடனே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கும் பயம்தான், பெற்றவளுக்குத் தெரியாதா.

வெள்ளிக்கிழமை இரண்டாவது குழு எங்கள் வீட்டில் கூடுகிறது. தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, கையெழுத்து வைக்க முதல், வட்டி ஏறினால் எவ்வளவு கட்ட வேண்டி வரும் என்று எல்லோர் முன்னாலும் நானே அவளிடம் கேட்கப் போகிறேன். கேட்டால் சனம் கையெழுத்து வைக்காது, அவள் மனேச்சராக மாட்டாள். கேட்கவும் பயமாய் இருக்கிறது, கேட்காமல் விடவும் பயமாய் இருக்கிறது.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் வெள்ளிக்கிழமை பின்னேரம் தங்கச்சிக்குப் போன் எடு. என்னோடு கதைக்காவிட்டாலும் அன்றைக்கு உன்னோடாவது அவள் கதைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்வநாயகி