தங்கத்தின் மேல்பூச்சு

செப்டம்பர் 3, லா பிளாட்டா, அர்ஜென்டினா

வெளிநாட்டிலிருந்து நாங்கள் வரவழைத்த திரவப் புட்டி இன்னும் சுங்கத்தில் மாட்டிக்கிடக்கிறது. அது இல்லாமல் தங்க நானோ துகள்களுக்கு மேல்பூச்சு இல்லை. பூச்சு இல்லாவிட்டால் எல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிடும். கூட வேலை செய்யும் சுல்மா, வழக்கம்போல மேல்மாடி ஆய்வகத்தில் கைமாற்றாக ஒரு புட்டி வாங்கி வந்தாள். இங்கே எல்லாரும் இப்படித்தான் காலம் தள்ளுகிறோம்.

செப்டம்பர் 11

பழைய துகள்களைப் பரப்பிய கண்ணாடியில் மின்சாரம் ஊர்கிறது. கைமாற்றுத் திரவம் பூசிய புதியதில் ஓடுகிறது, நூறு மடங்கு! அதே தங்கம், அதே அளவு. பேராசிரியர் நோர்பெர்தோ எட்டிப் பார்த்தார். "துகளெல்லாம் ஒட்டிக் கெட்டுப்போச்சு இனேஸ், தூக்கிப் போடு. உதவித்தொகைக் கமிட்டிக்குப் பழசைக் காட்டு."

பழசு எல்லாரிடமும் இருக்கிறதே! அதைக் காட்டினால் உதவித்தொகையை நீட்டிக்க மாட்டார்கள். அப்புறம் ஸ்பெயினில் அண்ணன் வீட்டு அறைதான். அங்கே போய்த் தட்டு கழுவவா? எனக்குப் போக வேண்டாம். போகவே வேண்டாம்.

செப்டம்பர் 12

தூக்கிப் போடவில்லை.

செப்டம்பர் 20

மதியத் தூக்கத்தில் வந்த கனவில் நான் எலெக்ட்ரானாக இருந்தேன். தங்க அறைக்குள் சுகமாக அலைந்தேன். பக்கத்து அறையில் யாரோ பாடுவது கேட்டது. கதவே திறக்காமல் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். விழித்தால் மழை. அந்தச் சுவர் தங்கம் இல்லையே — பின்னே என்ன?

செப்டம்பர் 21

வராந்தாவில் மாத்தே மூலிகைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்த சுல்மா மூக்கைப் பொத்தினாள். "ஐயோ, என்னடி இந்த நாத்தம்! முன்னல்லாம் இப்படி நாற மாட்டியே?"

அப்படியே நின்றேன். இந்தத் திரவங்களில் மூலக்கூறு குட்டையாகக் குட்டையாக நாற்றம் கூடும். மாடிக்கு ஓடிப் புட்டியின் லேபிளைப் படித்தேன். எங்களுடையது பன்னிரண்டு கார்பன் நீளம். அவர்கள் கொடுத்தது எட்டு. கேட்டவளும் எதுவென்று சொல்லவில்லை, கொடுத்தவரும் கேட்கவில்லை. கனவில் நான் புகுந்த சுவர் இந்தப் பூச்சுதான்; அது குட்டை, அதனால் துகள்கள் நெருக்கம், எலெக்ட்ரான் சுலபமாகத் தாண்டுகிறது. கெடவே இல்லை! வெறும் உறை என்று நினைத்தது தங்கத்தையே ஆட்டிவைக்கிறது.

அக்டோபர் 16

ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று பூச்சு நீள நீள ஓட்டம் ஒழுங்காக இறங்குகிறது. நோர்பெர்தோ வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். "நான் சொன்னதை மறந்துடு" என்றார். மாட்டேன்!

நவம்பர் 19

தெருவெல்லாம் மரங்கள் பூத்துத் தேன் மணக்கிறது. மிதந்துதான் வீட்டுக்கு வந்தேன். உதவித்தொகையை இரண்டு வருடம் நீட்டித்துவிட்டார்கள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். நான் வாய் திறக்கும் முன்பே, "எப்ப வர்றே? உனக்குக் கட்டில்கூட வாங்கிட்டேன்" என்றான்.

"அதை வித்துடுண்ணா."

"ஜன்னல் பக்கமாப் போட்டு வெச்சிருந்தேன்" என்றான். தனியாக இருக்கும் அவனுக்கும் அங்கே யாராவது துணை வேண்டியிருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை?