வெறும் உலைக்குக் காவல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் இங்கே சுகம், நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். சுகம் என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். காய்ச்சல் தலைவலி இல்லை என்கிற அளவுக்கு மட்டும் அதை எடுத்துக்கொள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்து முடிப்பதற்குள் நீ அதற்கு வழி சொல்லி முடித்துவிடுகிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் உட்கார்ந்து கடைசிவரை படி.

பாட்டில் கம்பெனியில் உலையை அணைத்துவிட்டார்கள். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து அப்பா நின்ற உலை. ஆர்டர் நின்றுபோனது உனக்குத் தெரியும், அதற்கப்புறம் அங்கே என்ன நடந்தது என்று தெரியாது, ஏனென்றால் நீ கேட்கவில்லை. கண்ணாடி உலையை நம் வீட்டு அடுப்பு மாதிரி நினைத்தபோது அணைத்து நினைத்தபோது பற்றவைக்க முடியாது. ஆறிப்போனால் உள்ளே உருகிக் கிடக்கும் கண்ணாடிக் குழம்பு இறுகி, சுற்றியிருக்கும் செங்கல்லும் விண்டு, உலையே வீணாகிவிடும். அதனால் வாங்க ஆளே இல்லாவிட்டாலும் இவர்கள் ஷிப்டு மாற்றி ஷிப்டு போய் அதை எரியவைத்துக்கொண்டிருந்தார்கள். குழம்பு தேங்கிவிடக் கூடாது என்று பாட்டிலும் போட்டார்கள். போட்ட பாட்டில் வரிசையாக பெல்ட்டில் வரும், அந்தக் கோடியில் ஒருவர் நின்று எல்லாவற்றையும் உடைப்பார், உடைசலை அள்ளி மறுபடி உலைக்குள்ளேயே கொட்டுவார்கள். அத்தனையும் ஒரு கீறல் இல்லாத பாட்டில்கள். போட்ட குட்டியையே தின்கிற பூனை ஆகிவிட்டோம் என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டு மறுநாள் நேரத்துக்கு முன்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். முதலாளி ஒரு நாள் ஆர்டர் வருகிறது என்பார், இன்னொரு நாள் விற்கப்போகிறேன் என்பார், அப்புறம் ஆளையே காணோம். இருக்குமா போகுமா என்று மேனேஜருக்கே தெரியவில்லை. பர்னஸ் சூடா இருக்கிற வரைக்கும் கம்பெனி இருக்கு, எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் என்பது உன் அப்பாவின் கட்சி.

இந்த லட்சணத்தில் எல்லோருக்கும் தைரியம் சொல்ல ஒரு பேச்சாளரைக் கூட்டிவந்தார்கள். டை கட்டிய மனிதர். மேஜைமேல் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து, இது பாதி நிரம்பியிருக்கிறதா பாதி காலியா, எல்லாம் நீங்கள் பார்க்கிற விதத்தில்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தாராம். அப்பா எழுந்து, அது பிளாஸ்டிக்கு சார் என்றாராம். பாட்டில் செய்கிறவர்கள் நடுவில் பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தால் வேறு என்ன சொல்வது? ஷெட்டே சிரித்தது, மேனேஜர்கூடத் திரும்பி நின்று சிரித்தார் என்று வீட்டுக்கு வந்து எனக்கு நடித்துக் காட்டினார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உன் போன். அவர் இன்னும் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருப்பதுகூடத் தெரியாமல் நீயும் அதையே சொன்னாய். எல்லாம் நாம பாக்கிற விதத்துலதாம்ப்பா இருக்கு, இதை ஒரு நீண்ட லீவா நினைச்சுக்கோங்க என்றாய். அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். அன்றிலிருந்துதான் நீ எப்போது கூப்பிட்டாலும் அப்பா குளிக்கிறார், அப்பா கடைக்குப் போயிருக்கிறார். அத்தனை தடவை யாராவது குளிப்பார்களா என்று உனக்குத் தோன்றவில்லையே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கடைசியில் கேஸ் கம்பெனிக்காரன் குழாயை மூடப்போகிறேன் என்றுவிட்டான். தானாக ஆறி வெடிப்பதைவிட வடித்துவிடுவது மேல் என்று முடிவாகி, அடியில் இருக்கும் துளையைத் திறக்க உன் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். பழக்கப்பட்ட கை வேண்டுமாம். குழம்பு தண்ணீர்த் தொட்டியில் விழுந்து பொரிந்துகொண்டே இருந்ததாம், நாள் முழுக்க. வீட்டுக்கு வந்தவர் கை கழுவினார், டீயைக் குடித்தார், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பாவம் என்று இருந்திருக்கலாம், ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? ஒண்ணுத்துக்கும் உதவாம எரிஞ்ச உலையை இத்தனை மாசம் காவல் காத்தீங்களே, என்னத்தைக் கண்டீங்க என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். முன்னறைப் பக்கம் தாடையை நீட்டி, அந்த ரூமுல நீ என்னத்தைக் கண்ட என்று கேட்டார்.

உன் அறையைத்தான் சொன்னார். நீ போன நாளிலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. கட்டிலுக்கு வாராவாரம் விரிப்பு மாற்றிவந்தேன், யாரும் படுக்காத விரிப்பைத் துவைத்துக் காயவைத்து மறுபடி விரித்துவந்தேன். தூசி வரும் என்று ஜன்னலைத் திறந்ததில்லை. திடீரென்று வந்து நின்றால் உனக்கு இடம் வேண்டுமே. அப்பா ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு வந்து பகலில் சமையலறை ஓரத்தில் பாயைப் போட்டுத் தூங்குவார், நான் பாத்திரத்தை உருட்டுவேன், பக்கத்து வீட்டு டெய்லரின் மெஷின் தலைமாட்டில் ஓடுகிற மாதிரி கேட்கும். முன்னறையில் போய்ப் படுங்கள் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. நீயோ வருஷா வருஷம் அடுத்த வருஷம் என்கிறாய். முதலாளியாவது ஆர்டர் வருமென்று பொய்க்காவது ஒரு தேதி சொன்னார்.

பார்வையை மாற்றிக்கொள் என்றாய் அல்லவா, மாற்றிக்கொண்டேன். நீ சொன்னதற்காக இல்லை. உலைக்கு எதிரே நிற்பவன் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் நியாயம், ஏசி ரூமில் உட்கார்ந்து அவனுக்குச் சொல்வது நியாயமில்லை. இந்த உலையைத் திரும்பவும் பற்றவைப்பார்களா, பேக்கரிக்காரர் தன் அடுப்புக்குச் செங்கல் மாற்ற அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாரே அதற்கு இவர் போவாரா, இந்த வீட்டில் எத்தனை நாள் இருப்போம், எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாததற்கெல்லாம் விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முன்னறை ஜன்னலைத் திறந்தேன், கொக்கி துருப்பிடித்துப் போய்ச் சுத்தியலால் தட்டவேண்டியிருந்தது. உன் புத்தகங்களைப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அப்பாவை அந்தக் கட்டிலில் படுக்கச் சொன்னேன். வேண்டாம் வேண்டாம் என்றவர் படுத்ததும் சாப்பாட்டு நேரம் தாண்டியும் தூங்கினார்.

குழந்தைக்கு இருமல் என்றாயே, ராத்திரி ஃபேனைக் குறைத்து வை. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, கண்ட நேரத்தில் கண்டதைத் தின்னாதே. எனக்கு எத்தனை ஆத்திரம் இருந்தாலும் நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் வாயில் வருகிறது, அது அப்படியே பலிக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பாவைக் கூப்பிட்டால் எதையும் எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லாதே, துளையைத் திறந்தபோது எப்படி இருந்தது என்று கேள், கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வா, சமையலறை ஓரத்தில் பாய் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா